செவலையைப் பற்றிப் பேச விடுங்கள்: டெக்சாஸ் தமிழ்ப் பள்ளிகளுக்கும் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

டெக்சாஸ் மாநிலத்துத் தமிழ்ப் பள்ளிகளின் நிர்வாகிகளுக்கும் ஆசிரியர்களுக்கும், தமிழ்ச் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

நான் ஹூஸ்டன் நகரின் மேற்குப் புறநகரில் வாழும் ஒரு தாய். சொந்த ஊர் காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூர். என் மகள் தன் உயர்நிலைப் பள்ளியில், வேளாண்மை பயிலும் மாணவர்களுக்கான எஃப்.எஃப்.ஏ. அமைப்பின் உறுப்பினராகச் சேர்ந்து, 2022 அக்டோபரில் ஒரு காளைக்கன்றை வாங்கி, பதினாறு மாதங்கள் வளர்த்து, 2024 பிப்ரவரியில் மாவட்ட அளவிலான கால்நடைக் காட்சியில் களமிறக்கினாள். அந்தக் காட்சிக்குச் சற்று முன்பு 2024 பொங்கல் வந்தது. அவள் படிக்கும் தமிழ்ப் பள்ளியின் பொங்கல் விழாவில் பேசுவதற்காக ‘நான் வளர்க்கும் எருது’ என்று மூன்று நிமிட உரை ஒன்றை எழுதியிருந்தாள். இறைச்சிக்குப் போகப் போகும் மாட்டைப் பற்றி மாட்டுப் பொங்கல் மேடையில் பேசுவது பொருத்தமில்லை என்று சொல்லி, வேறு தலைப்பை எடுக்கும்படி அவளிடம் கேட்டுக்கொண்டார்கள். அவள் மயிலைப் பற்றிப் பேசினாள். அவள் மயிலை அருகிலிருந்து பார்த்ததே இல்லை.

அந்தப் பள்ளியின் மீது குறை சொல்ல இதை எழுதவில்லை. இதே சூழலில் நானும் அதே முடிவைத்தான் எடுத்திருப்பேன் என்று நினைக்கிறேன். என் வீட்டில் மாட்டிறைச்சி சமைப்பதில்லை. நான் உண்பதும் இல்லை. மகள் முதன்முதலில் எருது வளர்க்கப் போகிறேன் என்றபோது இரண்டு வாரங்கள் நான் அவளோடு சரியாகப் பேசவில்லை. பிறகு என் மனம் எப்படி மாறியது என்பதையும், உங்களிடம் நான் கேட்பது என்ன என்பதையும் சொல்லத்தான் இந்த மடல்.

இந்தப் பயிற்சி எங்கிருந்து வந்தது என்பதை நம் பெற்றோர்களில் பலர் அறிந்திருக்கவில்லை. 1902-இல் ஒகையோ மாநிலத்தின் கிளார்க் கவுன்ட்டியில் கிராமப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய ஒரு சிறு குழுதான் பின்னாளில் ஃபோர்-எச் என்று நாடெங்கும் விரிந்த இயக்கத்தின் வேர்களில் ஒன்று. வேளாண் பல்கலைக்கழகங்களின் அறிவை ஊர்களுக்குக் கொண்டு செல்ல 1914-இல் இயற்றப்பட்ட சட்டம் அதற்கு நிலையான ஆதரவைத் தந்தது. எஃப்.எஃப்.ஏ. 1928-இல் கான்சஸ் சிட்டியில் தொடங்கியது. கறுப்பின மாணவர்களுக்கெனத் தனியே நடந்துவந்த அமைப்பு 1965-இல்தான் அதனோடு இணைந்தது. பெண்களுக்கு முழு உறுப்புரிமை 1969-இல்தான் கிடைத்தது. இன்று நீல நிற மேலங்கியை அணிந்து என் மகள் நிற்கும் இடத்தில் அவளைப் போன்றவர்கள் நிற்பதற்கு அத்தனை ஆண்டுகள் ஆயின என்பதை அவளிடம் நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். அமெரிக்க வேளாண் துறையின் 2022 கணக்கெடுப்பின்படி இந்நாட்டு உழவர்களின் சராசரி வயது 58.1. இறைச்சி மாடுகளின் வளர்ப்பில் முன்னணியில் இருக்கும் இந்த மாநிலத்தில், அடுத்து யார் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிறார்கள் என்பது உண்மையான கவலை.

நிலமும் தொழுவமும் இல்லாத புறநகர்க் குடும்பங்களால் இது எப்படி முடியும் என்று கேட்பீர்கள். இங்குள்ள பல பள்ளி மாவட்டங்கள் மாணவர்களுக்கெனப் பொதுத் தொழுவம் ஒன்றை வைத்திருக்கின்றன. குறைந்த வாடகைக்கு ஒரு கொட்டடி கிடைக்கும். தீவனமும் வைக்கோலும் தண்ணீரும் சாணம் அள்ளுவதும் பிள்ளையின் பொறுப்பு. நாங்கள் வாங்கிய கன்று ஹெர்ஃபோர்டு என்னும் இறைச்சி மாட்டினத்தின் கலப்பு; சிவந்த உடல், வெள்ளை முகம். ஊரிலிருந்து காணொளி அழைப்பில் பார்த்த என் அப்பா, “செவலைக் கன்னு” என்றார். அதுவே அதன் பெயராகிவிட்டது. வாங்கும்போது எடை 480 பவுண்டு. களமிறங்கிய அன்று 1,290.

இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் என் மகள் கற்றதை எந்த வகுப்பறையும் அவளுக்குக் கற்பித்திருக்க முடியாது. முதல் மூன்று வாரங்கள் செவலை அவளை அருகில் விடவில்லை. மாட்டைச் சுற்றி ஓர் எல்லை இருக்கிறது, அதற்குள் நாம் நுழைந்தால் அது விலகும், வெளியே வந்தால் நின்றுவிடும், அதன் தோளுக்குப் பின்னால் நின்றால் முன்னே நகரும், தோளுக்கு முன்னால் நின்றால் பின்வாங்கும் என்பதெல்லாம் அவளுக்குச் சொல்லித்தரப்பட்டது. மாடுகளை அமைதியாகக் கையாளும் முறைகளை இந்நாட்டுப் பண்ணைகளுக்கும் இறைச்சிக் கூடங்களுக்கும் வகுத்துத் தந்த பேராசிரியர் டெம்பிள் கிராண்டினின் வரைபடங்களை அவள் தொழுவச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாள். ஒரு நாள் முழுவதும் கொட்டடியில் ஒரு கவிழ்த்த வாளியின் மேல் அமர்ந்து வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறாள், தன் வாசனை அதற்குப் பழக வேண்டும் என்பதற்காக. நான்காவது வாரம் தலைக்கயிறு போட விட்டது. கயிற்றைப் பிடித்து இழுப்பவர் தோற்பார். அது ஓரடி எடுத்து வைத்த கணமே கயிற்றைத் தளர்த்துபவருக்குத்தான் மாடு நடக்கும். இதைக் கற்க அவளுக்கு இரண்டு மாதங்களும், இரு உள்ளங்கைகளின் தோலும் செலவாயின.

தீவனம் அதைவிடக் கடினம். மாடு அசைபோடும் விலங்கு. அதன் முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள்தான் உண்மையில் தீனியைச் செரிக்கின்றன. தானியத்தை ஒரேயடியாகக் கூட்டினால் அந்த வயிறு புளித்து அமிலமாகும். வைக்கோலைக் குறைத்தால் காற்று அடைத்து இடது பக்கம் உப்பிக்கொள்ளும். சில மணி நேரத்தில் மாடு செத்தும் போகலாம். 2023 ஆகஸ்டில் ஒரு மாலை செவலை தீனியைத் தொடாமல் நின்றது. அதன் இடது வயிற்றில் கைவைத்துப் பார்த்து, தட்டிப் பார்த்து, கால்நடை மருத்துவரை அழைத்தவள் பதினைந்து வயதுப் பெண். நான் அருகில் நின்றுகொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அழுதேன். மாட்டுக்காரர் வீட்டில் பிறந்தவள் நான்.

மருந்து விஷயத்தில் அவள் கற்றதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மருந்துக்கும் கடைசியாகக் கொடுத்த நாளுக்கும் இறைச்சிக்கு அனுப்பும் நாளுக்கும் இடையே இத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று அந்த மருந்தின் மேலுறையிலேயே எழுதியிருக்கிறது. யாரோ ஒரு குழந்தை அதை உண்ணப் போகிறது என்ற எண்ணத்தோடு அவள் ஒரு குறிப்பேட்டில் தேதியும் அளவும் எழுதி வைத்தாள். இந்த ஒழுங்கு வானத்திலிருந்து விழுந்ததன்று. 1972-இல் டென்வர் தேசியக் காட்சியில் முதற்பரிசு வென்ற கறுப்பு எருது, கறுப்புச் சாயம் பூசிக் கொண்டுவரப்பட்ட வேறு நிற மாடு என்று பின்னர் தெரியவந்தது. 1995-இல் அதே காட்சியில் முதற்பரிசு பெற்ற எருதின் உடலில், தசையைப் பெருக்குவதற்காகக் கொடுக்கப்பட்ட கிளென்பியூட்டரால் என்னும் தடை செய்யப்பட்ட மருந்து கண்டறியப்பட்டுப் பட்டம் பறிக்கப்பட்டது. இன்று டெக்சாஸில் பெரிய காட்சிகளுக்கு வரும் எருதுகளைப் பல மாதங்களுக்கு முன்பே காதில் அடையாள வில்லை போட்டு, முடி மாதிரி எடுத்துப் பதிந்துவிடுகிறார்கள். நேர்மை என்பதைச் சொல்லித் தருவதோடு நிறுத்தாமல், நேர்மையின்றி நடந்தவர்களின் வரலாற்றையும் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

இந்த இடத்தில் நம் பெற்றோர்களுக்கும் ஒரு சொல். ஹூஸ்டன் காட்சியில் முதற்பரிசு பெற்ற எருது 2022-இல் பத்து லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அந்தப் பணம் முழுவதும் அந்தப் பிள்ளைக்குப் போவதில்லை. முன்பே வரையறுத்த தொகை போக மீதி மற்ற மாணவர்களின் கல்வி நிதிக்குச் சேர்கிறது. ஆனாலும் அந்த எண்ணைக் கேள்விப்பட்டு, விலையுயர்ந்த கன்றை வாங்கி, கூலிக்கு ஆள் வைத்து மாட்டைக் கழுவி முடி சீவிப் பழக்கி, காட்சியன்று மட்டும் பிள்ளையின் கையில் கயிற்றைக் கொடுக்கும் குடும்பங்கள் உண்டு. எழுத்துப் போட்டிக்கும் கணிதப் போட்டிக்கும் நாம் பிள்ளைகளைத் தள்ளியதைப் போல இதற்கும் தள்ளுவோம் என்று அஞ்சுகிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். காட்சியில் மாட்டின் உடலமைப்பை மதிப்பிடும் சுற்று ஒன்று, பிள்ளை அதைக் கையாளும் திறனை மதிப்பிடும் சுற்று ஒன்று என இரண்டு இருக்கின்றன. இரண்டாவதில் நடுவர் மாட்டை விடப் பிள்ளையைத்தான் பார்க்கிறார்: நுனியில் கொக்கி வைத்த நீண்ட கோலால் கால்களை எப்படிச் சரிசெய்கிறாள், மாடு முரண்டு பிடிக்கும்போது முகம் எப்படி இருக்கிறது, அதன் எடையும் தீவனக் கணக்கும் கேட்டால் பதில் தெரிகிறதா. என் மகள் முதல் சுற்றில் பின்வரிசையில்தான் நின்றாள். இரண்டாவதில் ஐந்தாம் இடம் பெற்றாள்.

இனி, உங்களில் பலரை உறுத்தும் இடத்துக்கு வருகிறேன். செவலை எங்கே போகும் என்பது முதல் நாளிலிருந்தே அவளுக்குத் தெரியும். ஆசிரியர் சொன்னார், விதிப்புத்தகம் சொன்னது, நானும் சொன்னேன். அந்தக் காட்சிக்கு வரும் எருதுகள் எல்லாம் அங்கிருந்தே இறைச்சிக் கூடத்துக்குப் போகின்றன.

2023 நவம்பரில் என் அப்பா எங்களோடு ஆறு மாதம் தங்க வந்தார். வந்த மறுநாள் விடியற்காலையிலேயே தொழுவத்துக்குப் போக வேண்டும் என்றார். செவலையின் முதுகுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார், பல் பார்த்தார், நெற்றிச் சுழியைப் பார்த்தார். பேத்தியிடம், “கண்ணு, தண்ணி காட்டிட்டியா?” என்று மட்டும் கேட்டார். அவள், “காட்டிட்டேன் அப்பிச்சி” என்றாள். பிறகு தன் தமிழுக்கு எட்டிய சொற்களில், இது எதற்கு வளர்கிறது என்பதை அவரே கேட்காதபோதும் சொன்னாள். அவர் நெடுநேரம் பேசவில்லை.

எனக்குப் பத்து வயதில், ஒரு வறட்சி ஆண்டில், எங்கள் கட்டுத்தறியில் நின்ற சாம்பல் நிற மயிலைக் காளைகள் இரண்டும் ஒரு நாள் இல்லாமல் போயின. தாராபுரத்துப் பக்கம் ஒரு குடியானவர் வண்டிக்கு வாங்கிக்கொண்டார் என்று அப்பா சொன்னார். நான் அதை நம்பினேன். நாற்பது வயது வரையில் நம்பினேன். ஹூஸ்டன் தொழுவத்தில், பேத்தி சொல்லி முடித்த பிறகு, என் பக்கம் திரும்பாமல், அந்தச் சோடியை அடிமாட்டுக்குத்தான் விற்றேன் என்றார் அப்பா. சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து வியாபாரி விலை சொன்னபோது, கையை இழுத்துக்கொள்ளத்தான் நினைத்ததாகவும், வீட்டில் கொழுக்கட்டைப் புல்லும் இல்லை, சோளத்தட்டும் இல்லை என்பதால் இழுக்கவில்லை என்றும் சொன்னார். அன்று அவர் சொன்னவற்றை அம்மாகூட அறிந்திருக்கவில்லை என்று நினைக்கிறேன்.

நம்மில் ஊரில் பிறந்த எல்லாருக்கும் இப்படி ஒரு சோடி மாடு இருக்கும். மஞ்சள் பூசி, கொம்புக்கு வண்ணம் அடித்து, பொங்கல் ஊட்டிய மாடு முதுமையில் எங்கே போனது என்று நாம் கேட்கவில்லை, கேட்டவர்களுக்குச் சொல்லப்படவில்லை. அந்தச் சந்தைக்கும் அந்த லாரிக்கும் அப்பால் நடந்த வேலையைச் செய்தவர்களை நாம் ஊருக்கு வெளியே நிறுத்தி வைத்தோம். தமிழர் எல்லாரும் மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் என்பதும் உண்மையன்று. உங்கள் வகுப்பறைகளிலேயே அதை உண்ணும் குடும்பங்களின் பிள்ளைகள் அமர்ந்திருக்கிறார்கள், விழா மேடையில் அதைச் சொல்லக் கூடாது என்பதை அவர்கள் சிறு வயதிலேயே கற்றுக்கொள்கிறார்கள். உண்ணாதவர்களின் உணர்வை மதிக்க வேண்டும், என்னுடையதையும் சேர்த்து. ஆனால் மதிப்பு என்பது மற்றவரின் வாயை மூடுவதாக இருக்க வேண்டியதில்லை.

காட்சி முடிந்த அன்று, செவலையை வண்டியில் ஏற்ற வேறு ஆட்கள் இருந்தார்கள். மகள் தானே நடத்திச் செல்வதாகச் சொன்னாள். அன்னியர் இழுத்தால் அது பதறும், பதறினால் சறுக்கி விழும் என்றாள். ஏற்றுப்பலகை வரை கயிறு தளர்ந்தே இருந்தது. வீட்டுக்கு வந்து அவள் அழுதாள், நானும் அழுதேன். மறுநாள் கொட்டடியைக் கழுவி ஒப்படைக்கப் போனாள், ஏனென்றால் அதுவும் விதி. அவள் இன்னோர் எருதை வளர்க்கவில்லை. அடுத்த ஆண்டு ஒரு பிராமன் கிடாரியை எடுத்தாள். கிடாரிகளுக்கெனத் தனிக் காட்சி உண்டு. அவை காட்சி முடிந்து பண்ணைக்குத் திரும்பிப் பசுவாகும். எருது வேண்டாம் என்று நினைக்கும் குடும்பங்களுக்கு இந்த வழி இருப்பதை அறிந்துகொள்ளுங்கள்.

பிராமன் என்ற இனத்தைப் பற்றித் தமிழ்ப் பள்ளிகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எண்ணுகிறேன். அந்தத் திமிலும் கழுத்தடியில் தொங்கும் தோலும் இந்தியாவினுடையவை. ஓங்கோல், கிர், காங்கிரெஜ் முதலிய இனங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இங்கே வந்தன; 1906-இல் டெக்சாஸின் பியர்ஸ் பண்ணை நேராக இந்தியாவிலிருந்தே மாடுகளை வரவழைத்தது. வளைகுடாக் கரையின் வெப்பத்தையும் உண்ணிகளையும் ஐரோப்பிய மாடுகளால் தாங்க முடியாதபோது இவை தாங்கின. 1924-இல் இதற்கெனத் தனிச் சங்கம் உருவானது. நம் பிள்ளைகள் இந்த மாநிலத்தில் காண்பது அன்னியரின் மாடுகளை மட்டும் அன்று.

உங்களிடம் நான் கேட்பவை சிறியவை. ஃபோர்ட் வொர்த் காட்சி ஜனவரியில் தொடங்குகிறது, சான் அன்டோனியோவில் பிப்ரவரி, ஹூஸ்டனில் மார்ச். மாட்டுப் பொங்கலை ஒட்டியே இந்தப் பருவம் முழுவதும் வருகிறது. அந்த வாரங்களில் கால்நடை வளர்க்கும் பிள்ளைகள் தமிழ் வகுப்புக்கு வர இயலாதபோது, இசைப் போட்டிக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் தரும் விடுப்பை அவர்களுக்கும் தாருங்கள். அட்டையில் செய்த மாட்டுக்கு மாலை போடும் விழாவுக்குப் பதிலாக, ஒரு சனிக்கிழமை வகுப்பைத் தொழுவத்தில் நடத்துங்கள். கிடாரி, எருது, மூக்கணாங்கயிறு, தவிடு, புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, அசைபோடுதல், சுழி, திமில் என்று நாம் புத்தகத்தில் மனப்பாடம் செய்யச் சொல்லும் சொற்கள் அங்கே கண்முன் நிற்கும். அந்தச் சொற்களைச் சொல்லித்தர ஆள் தேட வேண்டியதில்லை. பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்து, நாள் முழுவதும் தொலைக்காட்சிக்கு முன்னால் அமர்ந்திருக்கும் நம் பெற்றோர்களில் எத்தனை பேர் இளமையில் மாடு பிடித்தவர்கள் என்று கேட்டுப் பாருங்கள். என் அப்பா அந்த ஆறு மாதங்களில் ஒரு நாளும் ஊருக்குப் போக வேண்டும் என்று சொல்லவில்லை. அந்தத் தொழுவத்தில் மற்ற பிள்ளைகளும் அவரை அப்பிச்சி என்றே அழைத்தார்கள்.

பேச்சுப் போட்டிக்கும் கட்டுரைக்கும் பிள்ளை தன் கையால் வளர்த்த உயிரைப் பற்றி எழுத விரும்பினால், அது ஆடோ, முயலோ, எருதோ, முடிவு எதுவாக இருந்தாலும், எழுத விடுங்கள். மேடையில் பேசுவதற்கு முன் பெற்றோர்களுக்கு அறிவித்துவிட்டால், கேட்க விரும்பாதவர்கள் அந்த மூன்று நிமிடங்கள் வெளியே இருக்கலாம்.

2024 பொங்கலுக்காக என் மகள் எழுதிய உரையை அப்படியே வைத்திருக்கிறேன். அதில் இரண்டு எழுத்துப்பிழைகள் இருக்கின்றன. ‘கயிறு’ என்பதில் ஒன்று, ‘உப்புசம்’ என்பதில் ஒன்று. வரும் பொங்கலுக்கு உங்களில் எந்தப் பள்ளி அல்லது சங்கம் அதற்கு இடம் தந்தாலும், அவள் திருத்தி எழுதி, வந்து பேசக் காத்திருக்கிறாள்.

பணிவுடன்,
மாடு வளர்க்கும் மாணவி ஒருத்தியின் தாய்,
ஹூஸ்டன்